3390 டிஸ்க்கே இல்லாத காலத்துல இன்னும் எதுக்கு டிராக், சிலிண்டர் கணக்கு?

நைட்ஷிப்ட்காரன்:
நேத்து ராத்திரி நம்ம ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல மறுபடியும் ஒரு ஜாப் எஸ்பி37ல (ஃபைலுக்கு இடம் பத்தலங்கற எரர்) விழுந்துச்சு. வால்யூம்ல, அதாவது அந்த டிஸ்க்ல, இடம் கொட்டிக் கிடக்கு, ஆனா 16 எக்ஸ்டென்ட் (ஃபைலுக்குத் தனித்தனியா ஒதுக்கற துண்டு) முடிஞ்சிருச்சாம், அதுக்கு மேல அந்த வால்யூம்ல வளராதாம். எவனோ எப்பவோ ஜாப்ப ஓட்டச் சொல்ற ஜேசிஎல்ல சிலிண்டர் கணக்கு போட்டு வச்சுட்டுப் போயிட்டான். 3390ங்கறது ஐபிஎம் 1989ல விட்ட டிஸ்க், அது சுத்தி நான் பாத்ததே இல்ல, இப்ப உள்ள இருக்கறது ஃப்ளாஷ். இன்னும் டிராக்குக்கு 56,664 பைட், சிலிண்டருக்கு 15 டிராக்னு செத்துப்போன டிஸ்க்கோட அளவ வச்சு நாம கணக்கு போடறோம். கவுண்ட்-கீ-டேட்டாங்கற இந்த சிகேடி முறைய தூக்கிப் போட்டுட்டு ஊர் உலகம் மாதிரி ஒரே அளவு துண்டா எழுதற ஃபிக்ஸ்டு பிளாக்குக்கு போனா என்ன?

பழையசிஸ்ப்ரோக்:
தம்பி, எக்ஸ்டென்ட் லிமிட்டுக்கும் சிகேடிக்கும் என்ன சம்பந்தம்? அது வால்யூம்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற விடிஓசி பட்டியல்ல எழுதி வைக்கற விதம். சிலிண்டர் பிடிக்கலன்னா ஜேசிஎல்ல ஏவிஜிரெக் போட்டு ரெக்கார்டு கணக்குல ஸ்பேஸ் கேளு, யாரு வேண்டாம்னா. சிகேடி 1964ல ஐபிஎம்மோட சிஸ்டம்/360 கம்ப்யூட்டரோட வந்தது. மாடல் 30ய 8 கேபி மெமரியோட கூட வித்தாங்க, அதுல ஒரு டிராக்க இழுத்துப்போட்டு தேடினா ப்ரோக்ராம் எங்க உக்காரும்? அதனால ஒவ்வொரு பிளாக்குக்கும் கவுண்ட் (இடமும் நீளமும்), கீ (தேடற பேரு), டேட்டான்னு பிரிச்சு டிஸ்க்லயே எழுதினாங்க. இந்த கீ வர்ற வரைக்கும் தேடுன்னு டிஸ்க்குக்கு கட்டளை கொடுக்கற சேனல் ப்ரோக்ராம்ல சொல்லிட்டா டிஸ்க்க ஓட்டற கண்ட்ரோல் யூனிட்டே பாத்துக்கும், மெமரி பெருசா வீணாகாது.

லினக்ஸ்பொண்ணு:
சார் மீதிக் கதையையும் சொல்லுங்க. தேடி முடியற வரைக்கும் சேனலும் கண்ட்ரோல் யூனிட்டும் பிஸி. அந்தக் கால 2311 டிஸ்க் நிமிஷத்துக்கு 2400 சுத்து, அப்போ ஒரு சுத்துக்கு 25 மில்லிசெகண்டு, பெரிய பிடிஎஸ்ஸோட (பல மெம்பர ஒண்ணா வைக்கற லைப்ரரி ஃபைல்) டைரக்டரிய டிராக் டிராக்கா தேடினா அதே சேனல்ல இருக்கற மத்த டிஸ்க் எல்லாம் வாயப் பாத்துட்டு நிக்கும். மெமரி வெல குறைஞ்சதும் அந்த லாபம் நஷ்டமாயிருச்சு, அதான் வீசாம்ங்கற ஃபைல் முறை இண்டெக்ஸ மெமரிக்கு இழுத்துத் தேடுது, டேட்டாபேஸ் டிபி2வும் ஹார்ட்வேர் கீய நம்பல. ஐபிஎம்மே 1979ல 3370ன்னு 512 பைட் ஃபிக்ஸ்டு பிளாக் டிஸ்க் விட்டாங்களே, ஆபரேட்டிங் சிஸ்டத்துல விஎம்முக்கு ஆச்சு, டாஸ்/விஎஸ்இக்கு ஆச்சு, எம்விஎஸ்ஸுக்கு மட்டும் கசந்துச்சா?

பழையசிஸ்ப்ரோக்:
எம்விஎஸ்ஸுக்கு கசக்கலம்மா, அத வாங்கினவனுக்கு கசந்துச்சு. எக்ஸ்சிபிங்கற நேரடி ஐ/ஓ வழில சொந்தமா சேனல் ப்ரோக்ராம் எழுதி, சிலிண்டர், ஹெட், ரெக்கார்டு நம்பர ஃபைலுக்குள்ளயே பாயிண்டரா வச்சிருந்த ஆளுங்ககிட்ட போய் எல்லாத்தையும் திருப்பி எழுதுன்னு சொல்ல முடியுமா?

லினக்ஸ்பொண்ணு:
எழுத வச்சீங்களே! 3350 டிஸ்க்ல டிராக் 19,069 பைட், 3380ல 47,476, 3390ல 56,664. ஒவ்வொரு தடவையும் பிளாக்சைஸ (ஒரு தடவைல எழுதற துண்டோட அளவு) மாத்தி எல்லாத்தையும் திரும்ப அடுக்கினாங்கல்ல. அந்தத் தலைவலி தாங்காமத்தான் 3390லயே நிறுத்திட்டு, அப்புறம் வந்த பெட்டிங்களை நான்தான் 3390ன்னு நடிக்க விட்டாங்க. ஒரு தடவ ஃபிக்ஸ்டு பிளாக்குக்கு மாறியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும்.

வீசாம்விசிறி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். 80 பைட் ரெக்கார்ட ஒண்ணா சேத்து பிளாக் பண்ணாம 3390ல எழுதினா டிராக்குக்கு 78 ரெக்கார்டுதான், அதாவது 6,240 பைட், மிச்சமெல்லாம் பிளாக்குகளுக்கு நடுவுல விடற கேப்புக்குப் போச்சு. அதையே 27,920 பிளாக்சைஸ்ல எழுதினா 698 ரெக்கார்டு. ஃப்ளாஷ்ல அந்த கேப்பே கிடையாது, ஆனா கணக்குல மட்டும் கழிச்சுருவான்! நைட்ஷிப்ட்டு, உன் ஜாப்ல பிளாக்சைஸ் 80ன்னு இருக்கான்னு மொதல்ல பாரு. இருந்தா 0 போடு, சிஸ்டமே நல்லதா ஒண்ணு எடுத்துக்கும்.

நைட்ஷிப்ட்காரன்:
அட ஆமா, 80தான் இருக்கு 😐 ஆனா இது என் கட்சிக்குத்தானே பாயிண்ட்டு? இல்லாத கேப்புக்கு நான் ஏன் வாடகை கட்டணும்?

பழையசிஸ்ப்ரோக்:
ஜேசிஎல்ல தப்பா போட்டுட்டு டிஸ்க்க திட்டாத. கீ இன்னும் உயிரோடதான் இருக்கு. விடிஓசில டேட்டாசெட் பேரே 44 பைட் கீ, பிடிஎஸ் டைரக்டரில மெம்பர் பேரு 8 பைட் கீ. சிஸ்டத்த பூட் பண்ற ஐபிஎல்லுக்கு வேணுங்கற எஸ்ஒய்எஸ்1.நியூக்ளியஸ் இன்னிக்கும் பிடிஎஸ்தான், அதோட புது வடிவமான பிடிஎஸ்இ ஆக்க முடியாது.

லினக்ஸ்பொண்ணு:
விடிஓசிக்கு இண்டெக்ஸ் வந்து எவ்வளவு காலமாச்சு சார். பிடிஎஸ்இ 4 கேபி பேஜ்ல ஓடுது, கீயே இல்ல. சிலிண்டர் நம்பர 16 பிட்ல அடைச்சதால வால்யூம் 65,520 சிலிண்டர்ல, சுமார் 55 ஜிபில முட்டி நின்னுச்சு. அப்புறம் ஹெட் நம்பருக்கு இருந்த இடத்துல 12 பிட் கடன் வாங்கி 28 பிட்டா நீட்டி அந்தப் பெரிய வால்யூமுக்கு இஏவின்னு பேரு வச்சாங்க. இதெல்லாம் ஒட்டுப்போடற வேலை இல்லையா?

பழையசிஸ்ப்ரோக்:
ஒட்டுதான். ஆனா 65,520க்குக் கீழ அட்ரஸ் வச்சிருக்கற பழைய ப்ரோக்ராம ஒரு வரி மாத்தாம ஓட்டறேன், உங்க வழில போனா அத யாரு எழுதித் தர்றது? சோர்ஸே இல்லாத லோட் மாட்யூலுக்கும் (கம்பைல் ஆன ப்ரோக்ராம்) சேத்து பதில் சொல்லுங்க.