கேபிள் நிறுவனங்கள் இணைந்தால் மற்ற பிராட்பேண்ட் சேவைகளுக்கு என்ன பாதிப்பு?

இளவேனில்:
அமெரிக்காவில் சார்ட்டர், காக்ஸ் என்ற இரண்டு கேபிள் நிறுவனங்கள் இணைவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். 3,450 கோடி டாலர் ஒப்பந்தம். இருவருக்கும் ஊர்கள் வேறு, அதனால் போட்டி குறையாது என்கிறார்கள். அப்படியானால் சின்ன ஃபைபர் நிறுவனங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

கம்பிவழி:
வீட்டு வாசலில் நமக்கிருக்கும் தேர்வு குறையாது, அது உண்மைதான். அடி விழுவது நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில். கையில் எவ்வளவு சந்தாதாரர்களோ அவ்வளவு பேரம். வீடியோ நிறுவனம் "இந்தக் கட்டணம் தரமாட்டேன்" என்றால், கேபிள்காரர் அந்த போர்ட்டை (இரண்டு நெட்வொர்க்குகளும் சேரும் வாயில்) பெரிதாக்காமல் விட்டாலே போதும், மாலையில் படம் திக்கும். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு வாங்க ஒப்புக்கொண்டது. அதே மாதம்தான் காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள் என்ற இன்னொரு கேபிள் நிறுவனத்தை 4,520 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அதிவேக இணைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கைக்குப் போய்விடும் என்று எதிர்ப்பு வலுத்ததால் 2015 ஏப்ரலில் கைவிட்டார்கள்.

தெருவிளக்கு:
ஃபைபர்காரருக்கு உடனடித் தலைவலி கம்பம். புதுக் கம்பி ஏற்ற, அங்கே ஏற்கெனவே தொங்கும் கம்பிகளை மேலே கீழே நகர்த்தி இடைவெளி உண்டாக்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாக ஆள் அனுப்புவார்கள். ஒருவர் இழுத்தடித்தால் தெருவே நிற்கும். எளிய வேலைகளைப் புதிதாக வருபவரே ஒரே தடவையில் முடிக்கலாம் என்று எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018-ல் விதி கொண்டுவந்தது. சிக்கலான கம்பங்களில் பழைய கதைதான். இன்னொன்று டிவி: பெரிய நிறுவனத்துக்கு சேனல் மலிவாகக் கிடைக்கும், சின்னவர் தலைக்கு அதிகம் கொடுக்க வேண்டும். டிவியும் இணையமும் சேர்த்து விற்கும் சின்ன நிறுவனம் அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

கேபிள் கம்பியை வாடகைக்கு எடுத்து சேவை தரலாமே என்று கேட்காதீர்கள். 2005-ல், கேபிள் கம்பியில் இடம் கேட்ட பிராண்ட் எக்ஸ் என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது.

நாணல்:
அனுமதியோடு வரும் நிபந்தனைகளை நம்பி இருக்காதீர்கள், எனக்கு இதுதான் பெரிய கோபம். 2016-ல் சார்ட்டர், டைம் வார்னர் கேபிளை வாங்கியபோது 7 ஆண்டுகளுக்கு டேட்டா வரம்பு கூடாது என்று எஃப்சிசி நிபந்தனை போட்டது. வேறொரு நிறுவனம் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளில் 10 லட்சம் இடங்களுக்குக் கம்பி இழுத்துப் போட்டியிட வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் போட்டி நிபந்தனையை 2017-லேயே எஃப்சிசி நீக்கிவிட்டது.

போர்ட் நெரிசலா என்று பார்க்க: காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே முகவரிக்கு டிரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களை ஒவ்வொரு வரியாகத் தாமதத்தோடு காட்டும் கட்டளை) ஓட்டுங்கள், ஒரு வாரம். ரூட்டர் பெயரில் நிறுவனம் மாறும் வரியைக் கண்டுபிடியுங்கள். இரவில் மட்டும் அங்கே தாமதம் கூடி, அதற்குப் பிறகு வரும் எல்லா வரிகளிலும் அப்படியே நீடித்தால் பெரும்பாலும் நெரிசல்தான். அந்த ஒரு வரி மட்டும் எகிறி அடுத்தது இறங்கிவிட்டால், அந்த ரூட்டர் சோதனை பேக்கெட்டுக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதால், முடிந்தால் மறுமுனையிலிருந்தும் ஓட்டிப் பாருங்கள்.