பகுதிநேரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்

டாலஸ், இதய ஐசியூ நர்ஸ்

படிப்பில் சேர முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். 500 டாலர். கார்டு எண்ணை அடித்துவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்த மனம் வராமல் மடிக்கணினியை மூடிவைத்திருக்கிறேன்.

எட்டு ஆண்டுகளாக இரவுப் பணி. வாரத்துக்கு மூன்று இரவுகள், 12 மணி நேரம் வீதம். நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ், ஆக வேண்டும், ஆனால் வேலையை விட முடியாது. ஊரில் தங்கையின் கல்யாணக் கடன், இங்கே அமெரிக்காவில் வீட்டுக் கடன். எனக்கு இடம் கிடைத்திருப்பது இணையவழிப் பகுதிநேர எம்.எஸ்.என்., நர்சிங் முதுகலை. குடும்ப மருத்துவப் பிரிவு, அதாவது எஃப்.என்.பி.; மூன்றரை ஆண்டு. சேர்க்கை ஆலோசகர் தேனாகப் பேசினார். கிளினிக் பயிற்சிக்கு இடம் யார் பார்த்துத் தருவார்கள் என்று கேட்டேன். "நாங்கள் துணை நிற்போம்" என்றார். அந்தத் 'துணை நிற்போம்'தான் உறுத்துகிறது. படித்து முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், பாதியில் விட்டவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ், எஃப்.என்.பி.

சிஸ்டர், அந்தத் துணை எப்படிப்பட்டது என்று எனக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் தெரிந்தது. ஓர் எக்செல் கோப்பு அனுப்பினார்கள்: முன்பு மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கிளினிக்குகளின் பட்டியல். பாதி மூடியிருந்தன, அல்லது கைமாறியிருந்தன. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, இடப்பக்கம் கிளினிக் பெயர், வலப்பக்கம் கிடைத்த பதில் என்று எழுத ஆரம்பித்தேன். 41 இடங்கள். வலப்பக்கத்தில் பெரும்பாலும் 'திரும்பக் கூப்பிடுகிறோம்' என்றுதான் இருக்கிறது. ஓர் இடத்தில் வரவேற்பு மேசைப் பெண், "இன்று மட்டும் நீங்கள் நான்காவது ஆள்" என்றார். எரிச்சலோடு சொல்லியிருந்தால் தேவலை. பாவப்பட்டுச் சொன்னார்.

பணம் வாங்கிக்கொண்டு ப்ரிசெப்டரை, அதாவது கிளினிக்கில் நம்மைப் பக்கத்தில் வைத்துப் பயிற்சி தருபவரை, பிடித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. ஒரு பயிற்சிச் சுற்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கடைசியில் மகனைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போன இடத்தில், ஊசி போட்ட கையோடு, அங்கிருந்த நர்ஸ் பிராக்டிஷனரிடம் வாய்விட்டுக் கேட்டேன். சரி என்றார். அதற்குள் ஒரு பருவம் வீணாகியிருந்தது.

இன்னொன்று. பகுதிநேரம் என்பது புத்தகப் படிப்புக்கு மட்டும்தான். நோய்க்கூறு, மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்று பாடங்களையும் இரவுப் பணிக்கு நடுவே படித்துவிடலாம். கஷ்டம்தான், ஆனாலும் முடியும். கிளினிக் மணிநேரம் அப்படியல்ல. நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி முன்பெல்லாம் குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்தது. 2022-இல் வந்த தேசிய நெறிமுறை அதை 750 ஆக்கிவிட்டது. 750-ஐ எட்டு மணி நேர நாட்களாகப் பிரித்தால் 94 நாட்கள். வாரம் இரண்டு நாள் என்றால் 47 வாரங்கள், விடுமுறையே இல்லாமல். அதுவும் பகலில், கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில். உங்கள் 36 மணி நேரத்தோடு இந்த 16-ஐக் கூட்டுங்கள். வீட்டுப்பாடம் இன்னும் கணக்கில் வரவே இல்லை. காலை ஏழரைக்கு இரவுப் பணி முடித்து, கார் நிறுத்துமிடத்திலேயே சட்டை மாற்றிக்கொண்டு எட்டரைக்குக் கிளினிக்கில் நின்ற நாட்கள் எனக்கு உண்டு. ஒருமுறை ஒரு பாட்டியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே கண் செருகிவிட்டது. பாட்டிதான் என் கையைத் தட்டினார். அந்த வாரமே வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஹூஸ்டன், ஐசியூவில் 11 ஆண்டு

பயிற்சி இடத்தைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். அதற்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. இதய ஐசியூவில் எட்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஏன் எஃப்.என்.பி.க்குப் போகிறீர்கள்?

நான் செய்த தவறு இதுதான் என்பதால் கேட்கிறேன். எஃப்.என்.பி. படித்தால் எங்கும் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். படித்தேன், தேர்ச்சி பெற்றேன். என் ஐசியூவிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் இடம் காலியானது. மருத்துவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், நள்ளிரவில் என் பேச்சை நம்பி மருந்து மாற்றியவர்கள். ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. நான் படித்தது ஆரம்பநிலைச் சிகிச்சை. அந்த இடத்துக்கு வேண்டியது பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. 2008-இல் வகுத்த பொது வரையறைப்படி, எந்தப் பிரிவில் படித்துச் சான்றிதழ் பெறுகிறோமோ அந்த எல்லைக்குள்தான் வேலை செய்ய வேண்டும். முந்தைய அனுபவம் அந்த எல்லையை விரிக்காது. சில மருத்துவமனைகள் கண்டும் காணாமல் விட்டதுண்டு, இப்போது இறுக்கிவிட்டார்கள். முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்பு என்று மறுபடி சேர்ந்து, மறுபடி கிளினிக் மணிநேரம். இரண்டு கல்யாணம் செய்த மாதிரி.

சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தைகளின் காது வலி இவற்றைப் பார்க்க உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் எஃப்.என்.பி. அருமையான படிப்பு. வென்டிலேட்டர் பக்கம் நிற்பதுதான் பிடிக்கும் என்றால் அதற்கான பிரிவைத் தேடுங்கள். பல கல்லூரிகள் அதற்கு ஐசியூ அனுபவம் கேட்கும். உங்களிடம் அது நிறையவே இருக்கிறது.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் ஒரு சொல்: இங்கே மருந்து எழுத வேண்டுமானால் ஒரு மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். மேலே எழுதிய ஃபீனிக்ஸ் சிஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. அரிசோனாவில் முழு உரிமை உண்டு.

நியூ ஜெர்சி, இரண்டாம் ஆண்டு மாணவி

விண்ணப்பத்தில் என்னை அழவைத்தது மதிப்பெண் சான்றுதான். நான் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங். இங்கே கேட்டது பாடவாரியான மதிப்பீடு. அதற்குப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும். அண்ணன் மூன்று முறை சென்னைக்கு அலைந்தான். ஒருமுறை கட்டணச் சலான் தவறு, ஒருமுறை கையெழுத்துப் போடுபவர் விடுப்பு. மூன்றாம் முறை உறை கைக்கு வந்துவிட்டது. எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான்: "எல்லாப் பாடமும் சரியாக இருக்கிறதம்மா, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன்."

எப்படிச் சரிபார்த்தாய் என்று கேட்டேன். பிரித்துப் பார்த்தானாம். முத்திரை கிழிந்த உறையை யாரும் ஏற்கமாட்டார்கள் என்று சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "பசை போட்டு ஒட்டிவிடட்டுமா?" என்றான். நான்காம் முறையும் அவனேதான் போனான்.

62 விழுக்காட்டைப் பார்த்து இவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். நம் ஊரில் அது முதல் வகுப்பு. மதிப்பீடு செய்பவர்கள் நம் அளவுகோலை வைத்தே மாற்றித் தருகிறார்கள். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமா படித்து இங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் பெற்றவர்களுக்குத்தான் ஒரு படி கூடுதல்: முதலில் இளங்கலை முடிக்க வேண்டும், அல்லது டிப்ளமாவிலிருந்து எம்.எஸ்.என். வரை இணைத்து நடத்தும் படிப்பாகப் பார்க்க வேண்டும்.

சாக்ரமென்டோ

சுருக்கமாக: இணையவழிப் படிப்பு என்றால் எல்லா மாநிலத்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். இதற்கென்று மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கலிஃபோர்னியா அதில் சேரவில்லை. எனக்குப் பிடித்த இரண்டு கல்லூரிகள் முகவரியைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டன. கல்லூரியின் இணையதளத்தில் எந்த மாநிலத்தில் இந்தப் படிப்பு உரிமத்துக்குச் செல்லும் என்ற பட்டியல் இருக்கும். படிப்பு நடுவில் வீடு மாறும் எண்ணம் இருந்தால் போகப்போகும் மாநிலத்தையும் பாருங்கள். நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் உண்டா என்பதையும் அவர்கள் வாய்மொழியாகக் கேட்காமல் அந்த அமைப்புகளின் தளத்திலேயே தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால் சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது.

அட்லான்டா, கணவர் எழுதுகிறேன்

படித்தவர் என் மனைவி. பணக் கணக்கு பார்த்தவன் நான். மருத்துவமனை தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. எங்களுக்கு அது கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

மத்திய அரசின் கல்விக் கடன் வேண்டுமானால் குறைந்தது பாதிநேர மாணவராக இருக்க வேண்டும். மெதுவாகப் படிக்கலாமே என்று ஒரு பருவத்துக்கு ஒரே பாடம் எடுத்தால் பல கல்லூரிகளில் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். கிரீன் கார்டு இருந்தால் கடன் கிடைக்கும். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் கிடைக்காது. முதுகலை மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட கேட்ட தொகையைக் கொடுத்த கிராட் பிளஸ் கடனையும் 2025-இல் வந்த சட்டம் புதியவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் நிறுத்துகிறது.

வீட்டு விஷயமும் ஒன்று. கடைசி ஆண்டில் சமையல் முழுவதும் என் தலையில். சாம்பார் மட்டும் இன்றுவரை சரியாக வரவில்லை. படிக்கப் போகிறவர் தன் கணவரிடம் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சிகாகோ, இந்த ஆண்டு சேர்ந்தவர்

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் படிப்பை உருவாக்கினார்கள். பெருமையோடு என் பழைய மேற்பார்வையாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார்.

கிழித்துப்போட்டுவிட்டு ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினேன். இதயச் செயலிழப்போடு வந்து, குணமாகி வீட்டுக்குப் போனவர். ஒன்பதாம் நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அதே வார்டுக்குத் திரும்பி வந்தார். நீர் பிரியும் மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுசீட்டு வாங்க மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. காலி டப்பாவை என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். எழுதித் தர எனக்கு உரிமை இல்லை. இவ்வளவுதான் கட்டுரை. நேர்காணலில் வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை, அந்த டப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

டாலஸ், மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. பணி முடிந்து வந்து, தூங்காமல் இதையெல்லாம் படித்தேன்.

ஆலோசகருக்கு மின்னஞ்சலில் இரண்டே கேள்விகள் அனுப்பினேன். கிளினிக் இடம் கிடைக்காவிட்டால் என் பருவம் தள்ளிப்போகுமா? தள்ளிப்போனால் கட்டணம் உண்டா? பதில் இன்று வந்தது. முதல் கேள்விக்கு 'போகலாம்'. இரண்டாவதுக்குப் பதிலே இல்லை. அதற்குப் பதிலாக முன்பணக் கெடுவை ஒரு வாரம் நீட்டித்திருக்கிறார்கள்.

ஹூஸ்டன் சிஸ்டர், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு இரவு ஆனது. நேற்று நான்காம் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் சரிந்தது. மருத்துவர் வருவதற்குள் என்னென்ன செய்வார் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் வந்து அதையே செய்தார். எனக்கு அந்த இடம்தான் வேண்டும். காது வலி வேண்டாம்.

அதனால் முன்பணம் கட்டவில்லை. ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பகுதிநேரமாக நடத்துகிறது. பயிற்சி இடத்தை அவர்களே தருவதாக எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கிறேன். இவர்களுக்குப் பழைய மதிப்பீடு போதாதாம், புதிதாக மதிப்பெண் சான்று வேண்டுமாம். திங்கட்கிழமை அப்பா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். உறையைப் பிரிக்கக் கூடாது என்று இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னொரு முறை சொல்வேன்.