பொம்மை வீடு கிட்: இந்த மழையில் தொடங்கலாமா?

செம்பூர் ரகு:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா லீவுக்கு வந்தபோது என் பெண்ணுக்கென்று ஒரு பொம்மை வீடு கிட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று மாடி, 1:12 அளவு, எல்லாம் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, நாமே சேர்த்து ஒட்டிக் கட்ட வேண்டும். பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு 7 வயது. ஸ்கூல் விட்டு வந்ததும் "அப்பா, வீடு ரெடியா?" என்று தினமும் விசாரணை. பொசஷன் தராமல் இழுத்தடிக்கும் பில்டரைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

கூடவே வந்த தாளில் வெறும் படங்கள்தான், ஒரு வரி விளக்கம் கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். மும்பையின் இந்த ஜூலை மழையில் தொடங்கலாமா, அக்டோபர் வரை பொறுக்கணுமா? எந்தப் பசை? வால்பேப்பரை வீட்டை நிறுத்துவதற்கு முன்னால் ஒட்டுவதா, பின்னாலா? உள்ளே லைட் போட முடியுமா? அவளுடைய பார்பி இதில் குடியிருக்குமா? தச்சு வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் ஆணி அடிப்பது மட்டும்தான்.

மாட்டுங்கா கமலா:

ரகு தம்பி, மழையிலேயே தாராளமாகத் தொடங்குங்கள். ஒட்டுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். பொம்மை வீட்டில் பசை கடைசியில்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முன்னால் செய்யவே ஏகப்பட்டது இருக்கிறது.

முதலில் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து பீரோ மேல் வையுங்கள், படுக்கை வசத்தில். நம் ஊர் மழைக்காலத்தில் தரை ஓதம் எம்டிஎஃப்புக்கு ஆகாது. பலகைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் பொத்தான் மாதிரி எல்லாவற்றையும் தள்ளிப் பெயர்த்து எடுக்காதீர்கள். லேசரில் வெட்டிய துண்டுகள் அங்கங்கே ஒரு நூல் அளவுக்குத் தாய்ப்பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைப் பிளேடால் கீறி எடுக்க வேண்டும். கையால் முறுக்கினால் மேல் பரப்பு உரிந்து வரும். எடுத்த கையோடு பின்பக்கம் பென்சிலால் நம்பரை எழுதிவிடுங்கள். படிக்கட்டுத் துண்டுகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

அப்புறம் ஒத்திகை. பசையே இல்லாமல் மாஸ்கிங் டேப்பை வைத்து முழு வீட்டையும் நிறுத்திப் பாருங்கள். எந்த நாக்கு (பலகை விளிம்பில் துருத்தும் துண்டு) எந்தக் காடியில் (அது செருகும் பள்ளம்) போகிறது, எது இறுக்கம், எது தளர்வு என்று அப்போதே தெரிந்துவிடும். இறுக்கமாக இருந்தால் சுத்தியலைத் தேடாதீர்கள், நாக்கை 220 நம்பர் உப்புத்தாளில் ரெண்டு தேய். எம்டிஎஃப் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனியில் தேயுங்கள். டேப்பில் நிற்கும்போதே ஒவ்வொரு அறைச் சுவரிலும் பழைய பேப்பரை வைத்து அளவெடுத்து வெட்டி, "மாடி, இடது பக்கம்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வால்பேப்பர் வெட்டும்போது அதுதான் கை கொடுக்கும்.

பிறகு வீட்டைப் பிரித்துப் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு. எம்டிஎஃப்பின் முகம் சாதுவாக இருக்கும், விளிம்புதான் பெயிண்டை உறிஞ்சித் தீர்க்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை விளிம்பில் தடவி, காய்ந்ததும் தேய்த்துவிட்டுப் பிரைமர் அடித்தால் பிரச்சினை இல்லை. பலகையின் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். நாக்குக்கும் காடிக்கும் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. மரப்பசை வெறும் மரத்தைத்தான் பிடிக்கும், பெயிண்டைப் பிடிக்காது. அந்த இடங்களை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்ஹெச் போதும், தச்சர்கள் வைத்திருப்பது. பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். காற்றே ஈரமாக இருக்கும்போது எங்கே வெளியேறுவது? அதனால்தான் மழை விடட்டும் என்றேன். பொறுமை இல்லையென்றால் ஏசி அறையில் ஒட்டி, டேப்பையும் துணி கிளிப்பையும் இரண்டு நாள் கழற்றாமல் விடுங்கள். மூலைக்கு மூலை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கீழ்த்தளம் ஒரு நூல் சாய்ந்தால் கூரை உட்காராது. பெண்ணின் லெகோ கட்டைகளை மூலையில் முட்டுக்கொடுத்து வைத்தாலும் நேராக நிற்கும். ஃபெவிகுவிக்கை ஜன்னல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடித்தாள் வெள்ளை பூத்துப்போகும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

வால்பேப்பர் பற்றி. கை நுழையாத அறை, படிக்கட்டுக்குப் பின்சுவர், இவற்றுக்கு முன்னாலேயே ஒட்டுங்கள். பெரிய அறைகளுக்கு வீடு நின்ற பிறகு ஒட்டினால் மூலை சுத்தமாக வரும். லைட் போடப்போகிறீர்கள் என்றால் ஒயர் பேப்பருக்கு அடியில் போக வேண்டும், அதனால் ஒயர் முதலில். மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும். மயில்துத்தம் போட்டால் பூச்சி வராதுதான், ஆனால் அது விஷம், குழந்தை கை வைக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

பார்பி குடியிருக்காது. 1:12 என்றால் ஓர் அடி ஓர் அங்குலம் ஆகிறது. ஆறடி மனிதர் ஆறு அங்குலம். பார்பி பதினொன்றரை அங்குலம், அந்த வீட்டுக் கணக்கில் பதினொன்றரை அடி ராட்சசி. வாசலில் குனிந்தாலும் நுழைய மாட்டாள். புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் இங்கிலாந்தின் மேரி ராணிக்காக 1924-இல் முடித்துக் கொடுத்த பொம்மை வீடும் இதே 1:12 தான். இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதில் குழாயைத் திறந்தால் தண்ணீரே வரும்படி வைத்திருந்தார்கள். எங்கள் பில்டிங்கில் காலை எட்டு மணிக்கு மேல் அந்தப் பாக்கியம் இல்லை.

கடைசியாக ஒன்று. கிட்டில் வெள்ளைக்காரப் பூப்போட்ட பேப்பர்தான் வந்திருக்கும். அதையே ஒட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் கட்டிய பொம்மை வீட்டின் கூடத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் தரை. 8 அங்குல டைல் ஒன்று இந்த அளவில் 17 மில்லிமீட்டர். டிசைனை அந்த அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தேன். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் ஃபெவிகால் ஈரம் பட்டதும் சாயம் கரைந்து ஓடும். ஒட்டிக் காய்ந்த பிறகு மேலே இரண்டு கோட் வார்னிஷ், பளபளவென்று காரைக்குடி. நடுவில் ஓர் ஊஞ்சல். பலகை ஐந்து அங்குலத்துக்கு இரண்டு. சங்கிலிக்கு புலேஷ்வர் போய், இமிடேஷன் நகைக்குப் போடும் மெல்லிய செயினை மீட்டர் கணக்கில் வாங்கினேன். கடைக்காரர் என்ன நகை செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஊஞ்சல் என்றேன். ஒரு நிமிடம் பேசவே இல்லை.

முலுண்ட் கணேசன்:

லைட் கேள்விக்கு நான். வீட்டுக்குள் 230 வோல்ட் எந்த ரூபத்திலும் வரக்கூடாது. பழைய மொபைல் சார்ஜர் ஒன்று போதும், 5 வோல்ட். வார்ம் ஒயிட் எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 100 அல்லது 150 ஓம் ரெசிஸ்டர். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும், மிச்சம் 2 வோல்ட்டை ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். பத்து லைட் போட்டாலும் 200 மில்லி ஆம்ப்தான், சார்ஜருக்கு அது தூசு. எல்லாம் லாமிங்டன் ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மெல்லிய செம்புக் கம்பி வாங்கினால் மேலே அரக்குப் பூச்சு இருக்கும். முனையைச் சுரண்டாமல் சால்டர் வைத்தால் பிடிக்காது. ஒயரைப் பின்சுவரில் 2 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக வெளியே எடுத்துவிடுங்கள், ஏதாவது ஒன்று அணைந்தால் சுவரைக் கிழிக்காமல் பார்க்கலாம். பேப்பர் ஒட்டுவதற்கு முன்னால் எல்லா லைட்டையும் ஒரு ராத்திரி முழுக்க எரியவிடுங்கள்.

பட்டன் செல் போடும் லைட் செட்டுகள் ஆன்லைனில் நிறைய வருகின்றன. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கிவிடும். சார்ஜர்தான் நல்லது.

வாஷி லதா:

கமலா அக்கா சொன்ன வேலை முறையெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ரகு சார், இது உங்கள் பெண் விளையாடவா, ஷோகேஸில் வைக்கவா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த மாதிரி கிட் பெட்டியில் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும், நீங்களே பாருங்கள். 7 வயதுக் கைக்கு வால்பேப்பரும் வார்னிஷும் தாங்காது. விளையாடத்தான் என்றால் உள்சுவருக்கு வெறும் பெயிண்ட் அடியுங்கள், அழுக்கானால் திரும்ப அடிக்கலாம். மாடிக் கைப்பிடி, குட்டி விளக்குக் கம்பம் போன்ற ஒடியும் சாமான்களை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். வீட்டைக் கனமான பிளைவுட் பலகை மேல் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள். மூன்று மாடி, இழுத்தால் சாயும்.

இன்னொன்று, அக்டோபர் வரை அவளைச் சும்மா காத்திருக்க வைக்காதீர்கள். செருப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து ஓர் அறை செய்யச் சொல்லுங்கள். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் இழுப்பறை வைத்த மேஜை, ஐஸ் குச்சியில் கட்டில். பார்பியும் அந்தப் பெட்டியில் படுத்துக்கொள்ளட்டும். பெரிய வீட்டை விட அதைத்தான் அவள் அதிகம் கொண்டாடுவாள், பந்தயம்.

செம்பூர் ரகு:

மூன்று பேருக்கும் நன்றி. பெட்டியைப் பார்த்தேன், 14+ என்றே இருக்கிறது, அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. விளையாடத்தான் லதா மேடம். ஆனால் ஆத்தங்குடித் தரையை விட மனசில்லை, ஒரு கூடத்தில் மட்டும் வார்னிஷை மூன்றாவது கோட்டும் அடித்துப் பார்க்கிறேன். இன்னொரு பாக்கெட்டில் நூற்றுக்கணக்கில் சின்ன மர ஓடுகள் இருக்கின்றன, கூரைக்காம். கமலா அக்கா, இதையும் ஃபெவிகால் எஸ்ஹெச்சில்தான் ஒட்டணுமா?

மாட்டுங்கா கமலா:

வேண்டாம். தண்ணீர்ப் பசை பட்டால் அந்த மெல்லிய ஓடுகள் சுருண்டு எழுந்து நிற்கும். அதற்கு ஃபெவிகால் எஸ்ஆர், மைக்கா ஒட்டும் மஞ்சள் பசை. நிறம் ஏற்றுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்னால் வடிகட்டியில் போட்டுச் சாயத்தில் முக்கி, பழைய பேப்பரில் பரப்பிக் காயவையுங்கள். ஒட்டிய பிறகு சாயம் அடித்தால் பசை கசிந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். கூரையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கீழ் வரிசையில் தொடங்கி மேலே போங்கள், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் இடைவெளியை மூட வேண்டும். எஸ்ஆர் வாடை மண்டையைப் பிளக்கும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பெண்ணைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.