க² + 6க = 40: விடைகளில் ஒன்றாக −10 எப்படி வருகிறது?

கேள்வி:

வணக்கம். பல ஆண்டுகளுக்குப் பிறகு இயற்கணிதத்தைத் தொடக்கத்திலிருந்து நானாகவே படித்து வருகிறேன். க² + 6க = 40 என்ற சமன்பாட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள்களாக நின்றுகொண்டிருக்கிறேன். இடப்பக்க உறுப்புகள் இரண்டிலும் க இருப்பதால் அதைப் பொதுவாக வெளியே எடுத்து, க(க + 6) = 40 என்று எழுதினேன். பிறகு க = 40 அல்லது க + 6 = 40 என்று பிரித்து, 40, 34 என்ற விடைகளைப் பெற்றேன். 40ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 1840 ஆகிவிடுவதால் வழி தவறு என்பது தெரிகிறது. எந்த அடியில் தவறினேன் என்பதுதான் புரியவில்லை. சிறிய எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் 4 பொருந்தியது. ஆனால் விடைப்பகுதியில் 4, −10 என்று இரண்டு எண்கள் உள்ளன. அந்த −10 எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சூத்திரத்தை மட்டும் சொல்லாமல் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

விடையைப் பிரதியிட்டுச் சரிபார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். க(க + 6) = 40 என்பது வரை எல்லாம் சரி; தவறு அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். பெருக்கற்பலன் 40 என்றால் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை: 5 × 8, 2 × 20, ½ × 80 என எண்ணற்ற வழிகளில் 40 வரும். எனவே பிரிப்பதற்கு முன் வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கி, க² + 6க − 40 = 0 என்று எழுதிக்கொள்ளுங்கள். பெருக்கினால் −40, கூட்டினால் 6 வரும் இரண்டு எண்கள் 10, −4. நடு உறுப்பை அவற்றைக் கொண்டு பிரித்தால் க² + 10க − 4க − 40, அதாவது (க + 10)(க − 4) = 0. இப்போது க + 10 = 0 அல்லது க − 4 = 0 என்று பிரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. −10ஐயும் போட்டுப் பாருங்கள்: 100 − 60 = 40.

மறுமொழி 2:

மேலே சொன்ன விளக்கம் சரியானது. ஆயினும் காரணிகள் எளிதில் கண்ணில் படாத சமன்பாடுகளும் வரும் என்பதால், வர்க்கப்பூர்த்தி முறையையும், அதாவது இடப்பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் முறையையும், இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். என் கருத்தில் காரணம் தெளிவாகப் புலப்படுவது இதில்தான். பக்க அளவு க கொண்ட ஒரு சதுரத்தைத் தாளில் வரையுங்கள். 6க என்பதை இரண்டு 3க-க்களாகப் பிரித்து, 3 அகலமும் க நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும், அதே அளவுள்ள இன்னொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். மொத்தப் பரப்பு 40. கீழ் வலது மூலையில் மட்டும் 3 × 3 அளவுக்கு ஒரு சிறு சதுரம் குறைகிறது. அதை நிரப்பினால் பரப்பு 49 ஆகி, பக்க அளவு க + 3 உள்ள முழுச் சதுரம் கிடைக்கிறது: (க + 3)² = 49. வர்க்கம் 49 ஆகும் எண்கள் 7, −7 என இரண்டு. க + 3 = 7 என்றால் 4; க + 3 = −7 என்றால் −10.

நீங்கள் 4உடன் நின்றதற்காக வருந்த வேண்டியதில்லை. 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி இதே படத்தைக் கொண்டு க² + 10க = 39 என்பதைத் தீர்த்தபோது 3ஐ மட்டுமே விடையாகக் கொண்டார்; −13ஐக் கணக்கில் எடுக்கவில்லை. படத்தில் க ஒரு நீளம் என்பதால் குறை எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆனால் சமன்பாடு கேட்பது எண்ணை மட்டுமே. இரண்டு குறை எண்களின் பெருக்கற்பலன் மிகை எண் என்ற விதியை இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். −7இன் வர்க்கமும் 49 ஆவது அந்த விதியால்தான்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படத்தை வரைந்து, அந்த மூலையைப் பென்சிலால் நிரப்பியபோதுதான் 9 எதற்காக வருகிறது என்பது விளங்கியது. பயிற்சிக்காக க² − 8க = 20 என்பதை எடுத்துக்கொண்டேன். முதல் முறை 16ஐ இடப்பக்கத்தில் மட்டும் கூட்டிவிட்டதால் விடை பொருந்தவில்லை; இரு பக்கமும் கூட்டிய பிறகு (க − 4)² = 36 என்றாகி, 10, −2 கிடைத்தன. இரண்டையும் பிரதியிட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த கணக்கு க² = 7க. இதில் இரு பக்கத்தையும் கவால் வகுத்து 7 என்று எழுதினேன். இது சரிதானா?

மறுமொழி 3:

7 சரி, ஆனால் ஒரு விடை தொலைந்துவிட்டது. கவால் வகுக்கும்போது க பூச்சியமல்ல என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். இங்கோ பூச்சியமும் பொருந்துகிறது. வகுக்காமல் 7கவை இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, க(க − 7) = 0 என்று எழுதுங்கள். நீங்கள் முதலில் செய்த அதே பிரிப்பு இங்கே செல்லும், ஏனெனில் வலப்பக்கம் இப்போது பூச்சியம்.