பிடிஎஃப் கோப்புகளைச் சுருக்கியபோது கண்டவை: உறுப்பினர் அனுபவங்கள்

ஜூரோங் உறுப்பினர்:

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் ஏலக்குத்தகை ஆவணங்களைத் திரட்டி அனுப்புவது என் பணி. மின்னஞ்சல் வரம்போடும் பதிவேற்றத் தளங்களின் வரம்போடும் அன்றாடம் மல்லுக்கட்டுவதால், கோப்பைச் சுருக்கித் தரச் சொல்லி மற்றப் பிரிவினரும் என் மேசைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் கோப்பு எப்படி உருவானது என்பதைத்தான். வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆக்கியிருந்தால் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். பக்கங்கள் கூடினாலும் கோப்பு அவ்வளவாகப் பெருக்காது. அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுப் படம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 என்று ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் வரும். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட் என்பதால், சுருக்குவதற்கு முன்பு ஒரு பக்கமே 26 மெகாபைட். அதையே சாம்பல் நிறத்தில் எடுத்தால் 8.7 மெகாபைட், வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுமார் 1.1 மெகாபைட். 150 டிபிஐ-க்கு இறக்கினால் புள்ளிகள் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். எங்கள் அலுவலக நகலெடுக்கும் இயந்திரமோ, சாதாரண விலைப்பட்டியலைக்கூட வண்ணத்தில் 300 டிபிஐ என்றுதான் விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த அமைப்பை மாற்றிய பிறகு, என் மேசைக்கு வரும் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. நீல மை முத்திரை தெரிய வேண்டிய பக்கத்துக்கு மட்டும் வண்ணம், தட்டச்சுக் கடிதத்துக்குச் சாம்பல், கோட்டு வரைபடத்துக்குக் கறுப்பு வெள்ளை என்று பிரித்துக்கொண்டோம்.

வரைபடங்களை ஜேபெக் முறையில் சுருக்குவதை நான் விரும்புவதில்லை. அந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. முகங்களுக்கும் மரங்களுக்கும் அது பொருந்தும். அளவு எண்களைச் சுற்றியோ கரிப்புகை படிந்ததுபோல் அழுக்கை விட்டுவிடும். தொலைநகல் காலத்திலிருந்து வரும் குரூப் 4 முறை, கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு புள்ளிகூட இழக்காமல் சுருக்கும்.

மங்கலைவிட மோசமான ஒன்றும் உண்டு. 2013-இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்த பக்கங்களில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு பரப்புள்ள அறைகள் ஒரே அளவைக் காட்டின. வேறு பக்கங்களில் 6 இருந்த இடத்தில் 8 நின்றது. அந்த இயந்திரங்களில் இருந்த ஜேபிக்2 என்னும் சுருக்க முறை, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்துவிட்டுத் தேவையான இடமெல்லாம் அதையே ஒட்டக்கூடியது. அப்படி ஒட்டிய எண் மங்கலாக இருக்காது, பளிச்சென்று தவறாக இருக்கும் என்பதுதான் அதன் ஆபத்து. அதனால்தான் எடை குறைந்த பிரதியை அனுப்புவதற்கு முன், அளவுகளும் தொகைகளும் உள்ள பக்கங்களை மூலத்தோடு அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மூலத்தை ஒருபோதும் அழிப்பதில்லை.

செங்காங் உறுப்பினர்:

ஜூரோங் நண்பர் ஸ்கேன் செய்த பக்கங்களைப் பற்றி எழுதினார். எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ள தமிழ்ப் பிடிஎஃப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் இலக்கிய வட்டத்தின் பழைய ஆண்டு மலர்கள், ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன், குறிகள் ஏறிய ரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த டிஸ்கி எழுத்துருக்களில் அமைந்தவை. ஓர் அன்பர் அவற்றைச் சுருக்குவதற்குப் பயன்படுத்திய மென்பொருள், எடையைக் குறைக்கும் வேகத்தில் உள்ளே பதிந்திருந்த எழுத்துருவையும் கழற்றிவிட்டது. அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருந்த அவருடைய கணினியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. உறுப்பினர்களின் கைப்பேசியிலோ கவிதைகள் முழுவதும் மேலே கீழே குறிகள் ஏறிய ரோமன் எழுத்துகளாக நின்றன. எழுத்துருவை முற்றிலும் நீக்காமல், ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்களை மட்டும் பதிக்கும்படி அமைத்தால் எடையும் குறையும், தமிழும் பிழைக்கும்.

பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் வேர்ட் கோப்பில் எது கனக்கிறது என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. டாக்எக்ஸ் (.docx) என்னும் வேர்ட் கோப்பு, உள்ளுக்குள் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம்தான். ஒரு பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், வேர்ட் கோப்புறைக்குள் மீடியா என்னும் கோப்புறையில் படங்கள் அத்தனையும் தத்தம் அளவோடு கிடைக்கும். சிராங்கூன் சாலைப் பொங்கல் ஒளியூட்டுப் படமொன்றில் தலைவரின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியிருந்தோம். திறந்து பார்த்தால், வெட்டிய தெருவும் கூட்டமும் அப்படியே உள்ளே இருந்தன. படங்களைச் சுருக்கும் கட்டளையில் வெட்டிய பகுதிகளை நீக்கும் தெரிவைக் குறித்த பிறகே கோப்பு மெலிந்தது. எடைக்காக இல்லாவிட்டாலும், பிறர் பார்க்கக்கூடாத பகுதியை வெட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தெம்பனிஸ் உறுப்பினர்:

சிங்கப்பூர் அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாக மின்கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தத்தை, எங்கள் முகவர் கையொப்பத்துக்குப் பிறகு சுருக்கி அனுப்பினார். திறந்தால், கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டுவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. சுருக்குவதும் மாற்றம்தான் என்பதால் அது நியாயமான எச்சரிக்கையே. சுருக்க வேண்டுமானால் கையொப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். அடையாள அட்டை, கடப்பிதழ் பிரதிகளை இலவச இணையதளங்களில் ஏற்றிச் சுருக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அவை வேறொருவருடைய சர்வரில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை. சொந்தக் கணினியிலேயே இயங்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 'இபுக்' அமைப்பு படங்களை 150 டிபிஐ-க்கும், 'ஸ்கிரீன்' அமைப்பு 72 டிபிஐ-க்கும் இறக்கும். பின்னதில் சிறிய எழுத்தைப் படிப்பது கடினம்.

ஜூரோங் உறுப்பினர்:

மேலே எழுதிய தெம்பனிஸ் அக்காவின் கருத்தோடு ஒன்று சேர்க்கிறேன். தங்கள் மின்னஞ்சல் வரம்பு 25 மெகாபைட் என்று நம்பி 22 மெகாபைட் கோப்பை இணைப்பவர்கள், அது ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். மின்னஞ்சல் வழியே செல்லும்போது இணைப்பு பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெருத்துவிடும். ஆகவே நான் 18 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டவற்றை இணைக்காமல், பதிவிறக்கும் சுட்டியாகவே (லிங்க்) அனுப்புகிறேன்.