சிவகாசியின் தொழில் வளர்ச்சிக்கு வறட்சி மட்டுமா காரணம்?

கரிசல்வாசி (கேள்வி):
சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் எப்படி வந்தன என்று யாரைக் கேட்டாலும், மழை குறைவு, வெயில் அதிகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள் பல இருக்க, இந்த ஊர் மட்டும் முந்திக்கொண்டது ஏன்? அச்சுத் தொழிலுக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய கணக்கு:
மருந்தில் தோய்த்த தீக்குச்சி சீக்கிரம் காய்வதற்கு வெயில் உதவியது உண்மைதான். மானாவாரி விவசாயம் பொய்த்ததால் குறைந்த கூலிக்கு ஆட்கள் கிடைத்ததும் உண்மை. ஆனால் என் பார்வையில் வரியே பெரிய காரணம். அதுவரை இந்தியச் சந்தையில் பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகளே விற்றன. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கான தீர்வை ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்ந்ததும் உள்நாட்டில் செய்து விற்பது கட்டுப்படியாகும் நிலை வந்தது. அந்த ஆண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். பின்னர் தனித்தனியே தொழில் நடத்தி, ஒருவர் அணில் மார்க்கும் மற்றவர் காக்கா மார்க்கும் விற்றனர்.

அதே தீர்வையைத் தாண்டுவதற்காகச் சுவீடன் நிறுவனமும் இங்கேயே விம்கோ என்ற பெயரில் இயந்திரத் தீப்பெட்டி ஆலைகளை நிறுவியது. அந்த இயந்திரங்களோடு கைத்தொழில் போட்டியிட முடிந்ததற்கு, விடுதலைக்குப் பின் கையால் செய்யும் தீப்பெட்டிக்குக் கலால் வரியைக் குறைத்து வைத்திருந்தது முக்கியக் காரணம். வெயில் மட்டும் இருந்து, இந்த வரிச் சலுகை இல்லாமல் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அச்சுக்கூடத்தான்:
அச்சைப் பற்றிய கேள்விக்கு விடை தீப்பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கிய காலம் அது. ஆகவே ஒவ்வொரு மார்க்குக்கும் பல வண்ணத்தில் லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அச்சடித்து வரவழைப்பது செலவும் தாமதமும் ஆனதால், லித்தோ எனப்படும் கல்லச்சு இயந்திரங்களை ஊருக்கே கொண்டுவந்தார்கள். வாங்கிய இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கு மனம் வரும்? பட்டாசு உறை, நாட்காட்டி, நாட்குறிப்பு என்று வேலை பெருகியது.

பட்டாசு இதற்குச் சற்றுப் பிந்தியது. வண்ண ஒளி தரும் மத்தாப்புத் தீப்பெட்டியிலிருந்து படிப்படியாக வளர்ந்த அத்தொழிலுக்கு, 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமமுறையைக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போரினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனதும் சேர்ந்துகொண்டது.

வெம்பக்கோட்டை வழி:
இருவரும் வரியையும் இயந்திரத்தையும் சொன்னீர்கள். கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது ஆகிய அனைத்தும் எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே வந்தது. வேலை இப்படிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்ததால்தான் சிறிய முதலீட்டில் பலர் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது சிறு தீப்பெட்டித் தொழிற்கூடம், தொடங்க முடிந்தது. சிறு விரல்கள் வேகமாக அடுக்கும் என்று குழந்தைகளையும் அதே காரணத்தால்தான் உள்ளே இழுத்தார்கள். 1980களில்கூட விடியும் முன்பே ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. கலால் சலுகை கைத்தொழிலைக் காப்பாற்றியது என்று எழுதும்போது, அந்தக் கைகளில் பல பள்ளிக்கூட வயதுக் கைகள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.