மறு: எக்ஸ்போஷர் தெரப்பிக்குத் தமிழ்

> 'வெளிப்பாட்டுச் சிகிச்சை' என்றே வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம் ஐயா. விபத்து அதிர்ச்சிக்கான சிகிச்சையைப் பற்றிய இந்தத் துண்டுப்பிரசுரம் சிங்கப்பூரின் துவாஸ், காக்கி புக்கிட் தொழிலாளர் தங்குவிடுதிகளுக்குப் போகிறது. சாரத்திலிருந்து சக தொழிலாளி விழுந்ததைப் பார்த்த ஒரு சிவகங்கைக்காரர் 'வெளிப்பாடு' என்று படித்தால், மனசில் உள்ளதைக் கொட்டி அழுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்தச் சிகிச்சையின் வேலையே வேறு.

அவர் என்ன செய்கிறார்? விபத்து நடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். லாரி அந்தச் சாலையில் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்கிறார். உயரத்தில் வேலை என்றால் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்கிறார். தவிர்க்கும்போதெல்லாம் படபடப்பு சட்டென்று அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. சிகிச்சை இதைத் திருப்புகிறது. முதலில் சாரத்தின் படம், பிறகு புளோக்கின் இரண்டாம் மாடித் தாழ்வாரம், பிறகு மேம்பாலம் என்று பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் போதிய நேரம் நிற்கவேண்டும். உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த 'நீடித்த எக்ஸ்போஷர்' முறையில், நடந்ததைக் கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல் வாய்விட்டுச் சொல்வதும் உண்டு. அதன் ஒலிப்பதிவை வீட்டில் மறுபடி கேட்கவேண்டும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம்.

'ஆட்படுத்தல்' என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஆலோசகர் செய்கிறார், நோயாளி மாட்டிக்கொள்கிறார். சம்மதம் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக்கூடாத சிகிச்சைக்கு அந்தத் தொனி ஆகாது.

ஆங்கிலத்தில் விபத்தில் சிக்குவதும் எக்ஸ்போஷர்தான், சிகிச்சையும் எக்ஸ்போஷர்தான். நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. தானாக வந்து விழுவதற்குப் 'படு', தானே ஏற்பதற்குக் 'கொள்'. ஆகவே முன்னதற்கு 'ஆட்படுதல்', பின்னதற்கு 'எதிர்கொள்ளல்' என்பது என் முன்மொழிவு. நேரில் பார்த்தவரும் ஆட்பட்டவரே. 2013இல் வந்த டிஎஸ்எம் 5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 'எதிர்' என்றதும் சண்டை நினைவுக்கு வரவேண்டியதில்லை. மாப்பிள்ளையையும் எதிர்கொண்டுதான் அழைக்கிறோம். சுந்தரர் பாடிய ஊர் ஒன்றுக்கு எதிர்கொள்பாடி என்றே பெயர்.

—

மறு: மறு: எக்ஸ்போஷர் தெரப்பிக்குத் தமிழ்

ஆலோசனை அறையிலிருந்து ஒரு தயக்கம், அண்ணே. 'எதிர்கொள்' என்றால் எங்களிடம் வருகிறவர்கள் 'ஆம்பளையா நில்லு' என்று கேட்பார்கள். சூப்பர்வைசர் ஏற்கெனவே அதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். 'படிப்படி எதிர்கொள்ளல்' என்றால் எனக்குச் சம்மதம்.

பிளாஷ்பேக்கை யாரும் தொடவில்லையே?

—

மறு: மறு: மறு: எக்ஸ்போஷர் தெரப்பிக்குத் தமிழ்

நியாயம்தான் தங்கச்சி. ஆனால் 'படிப்படி'யைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிட்டால், பயத்தின் உச்சியில் ஒரேயடியாக இறக்கும் முறைக்குப் பெயர் இல்லாமல் போகும். அதுவும் இதே குடும்பம்தான். கலைச்சொல் 'எதிர்கொள்ளல் சிகிச்சை' என்றே இருக்கட்டும், பிரசுரத்தில் இப்படிப் போடலாம்: "பயந்து ஒதுக்கிய இடங்களையும் நினைவுகளையும், ஆலோசகரின் துணையோடு, நீங்கள் சம்மதிக்கும் வேகத்தில், படிப்படியாக எதிர்கொள்வது."

'சமாளித்தல்' இதற்கு வேண்டாம். அதை மனவுளைச்சல் பிரசுரங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. பல்லைக் கடித்து நாளைத் தள்ளுவதும் சமாளித்தல்தானே.

பிளாஷ்பேக்கை அப்படியே விடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் சினிமா பிளாஷ்பேக்கில் பார்ப்பவருக்கு அது பழைய கதை என்று தெரியும். இங்கே லாரியில் உட்கார்ந்திருப்பவருக்கு விபத்து இப்போது நடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. 'மீள்நிகழ்வுணர்வு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. அச்சுக்குப் போகுமுன் இதைவிடச் சின்னதாக யாராவது ஒன்று கொடுங்கள்.